விளக்கு எரிகிறது, இணைப்பு இல்லை

எங்கள் கணினி ஆய்வகத்தின் மூலையில் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. சென்ற கல்வியாண்டு முழுவதும் அதன் கீழ்த்தட்டில் மூன்று மடிக்கணினிகள் சும்மா கிடந்தன. மூன்றின் மேலும் என் கையெழுத்தில் ஒரே சீட்டு: 'போர்ட் பழுது.' முன்னாள் மாணவர்கள், 'தம்பி தங்கச்சிங்க பழகட்டும் மிஸ்' என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன கணினிகள் அவை. இந்த ஆண்டு ஜூலையில் வெளியே எடுத்து ஒழுங்காகச் சோதித்தபோது, மூன்றில் இரண்டுக்குப் பழுதே இல்லை என்று தெரிந்தது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஓராண்டு முழுக்க மூன்று பேருக்கு ஒரு கணினி என்று நெருக்கியடித்து உட்கார்ந்ததற்கு நான் அவசரமாக ஒட்டிய அந்தச் சீட்டும் ஒரு காரணம். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அந்தக் கணினிகளில் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்னும் திறந்த மூல இயக்க அமைப்பை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது பாஸ். முதல் பதிப்பு 2007-ல் வந்தது. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் நாம் நடத்தும் உபுண்டுவும் டெபியன் வழி வந்ததுதான். ஆகவே இங்கே பாஸ் பற்றிச் சொல்வதெல்லாம் உபுண்டுவுக்கும் பொருந்தும். அண்ணன் வாங்கிய மடிக்கணினி தம்பிக்கு வந்து, அதிலும் பழையது பள்ளிக்கு வந்து சேரும் எங்கள் பகுதியில் இந்த இரண்டும்தான் அன்றாடம் கையாளும் இயக்க அமைப்புகள்.

சென்ற ஆண்டு நடந்தது இது. எண்ணூர்க் கழிமுகத்து நீரின் கலங்கலை அளக்க எங்கள் மாணவிகள் இருவர் சிறு கருவி ஒன்று செய்திருந்தார்கள். ஓர் ஆர்டுயினோ பலகை, ஓர் உணரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகம் கறுத்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள். அவர்களுக்கு இது வெறும் கண்காட்சிப் பொருள் அல்ல. கருவி, படம் எடுக்க வெப்கேமரா, மவுஸ், படங்களைச் சேமிக்க பென் டிரைவ் ஆகிய நான்கையும் நாலு துளை உள்ள ஒரு ஹப்பில் செருகி, ஹப்பை மடிக்கணினியில் மாட்டினோம். ஹப்பில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. அடுத்த கணினியில் மாட்டினோம். மவுஸ் மட்டும் ஓடியது, கேமரா வந்து வந்து போனது. மூன்றாவதில் விளக்கோடு சரி.

"போர்ட்டு அவுட்டு மிஸ்" என்றான் ஒருவன். மூன்றும் அவுட்டு என்று நானும் முடிவு கட்டினேன். மூன்று கணினிகளில் ஒரே நாளில் ஒரே கோளாறு வருமா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மூன்றிலும் பொதுவாக இருந்த ஒரே பொருள் அந்த ஹப். அதை நான் சந்தேகிக்கவே இல்லை, விளக்குதான் எரிந்ததே!

விளக்கு சொல்வது எவ்வளவு?

யுஎஸ்பி இணைப்பின் முதல் பதிப்பு 1996-ல் வெளியானது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முதன்மையானவர் வடோதராவில் பொறியியல் படித்த அஜய் பட். மாணவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள். சாதாரண யுஎஸ்பி முனையை டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே நான்கு தகடுகள் தெரியும். வெளி ஓரங்களில் உள்ள இரண்டும் மின்சாரத்துக்கு, நடுவில் உள்ள இரண்டும் தகவலுக்கு. இன்னும் உற்றுப் பார்த்தால் ஓரத்து இரண்டும் நடுவில் உள்ளவற்றைவிடச் சற்று நீளமாக இருக்கும். செருகும்போது மின்சாரம் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

எங்கள் சிக்கலின் பாதி இந்த நீள வித்தியாசத்தில் அடங்கிவிடுகிறது. முனை முழுதாக உட்காராமல் பாதியில் நின்றாலும் ஓரத் தகடுகள் தொட்டுவிடும், விளக்கு எரிந்துவிடும். நடுத் தகடுகளில் பாசி போல் உப்பு படிந்திருந்தாலும் விளக்கு எரியும். மின்னேற்றத்துக்கு மட்டும் என்று விற்கும் மலிவு கேபிள்களில் நடு இரண்டு கம்பிகளே இருக்காது, அதிலும் எரியும். விளக்கு எரிவது மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி.

நீல நிற நாக்கு கொண்ட யுஎஸ்பி 3 போர்ட்டில் இந்த நான்கோடு இன்னும் ஐந்து தொடர்புகள் உள்ளே தள்ளி இருக்கின்றன. முனையை மெல்ல மெல்லச் செருகினால், உள்ளே இருக்கும் ஐந்தும் தொடுவதற்கு முன்பே முன்னால் இருக்கும் நான்கும் பேசி முடித்துவிடும். வேகமான பென் டிரைவ் பழைய வேகத்தில் ஊர்வதற்குச் சில நேரம் இதுவே காரணம். ஒரே மூச்சில் செருகச் சொல்லுங்கள்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளி திருவொற்றியூரில், கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சன்னல் கம்பி, சைக்கிள் செயின், பெஞ்சின் ஆணி என்று எதுவும் இங்கே இரண்டு மழைக்காலம் தாங்காது. காற்றில் வரும் உப்புத் துகள் போர்ட்டுக்குள்ளும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கசிவுதான் போர்ட்டுக்குள் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலமாக நிற்கிறது. கூடவே எண்ணூர் விரைவுச் சாலையில் ஓயாமல் போகும் கண்டெய்னர் லாரிகளின் தூசி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் ராயபுரத்தில் வேலை பார்த்த மூத்த ஆசிரியர் ஒருவர், காலையில் துடைத்த மேசையில் மாலைக்குள் விரலால் பெயர் எழுதலாம் என்பார். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் நிலக்கரி அங்கிருந்து எண்ணூர்ப் பக்கம் போனது. அவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு, எங்களுக்குக் கொஞ்சம் கரி.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்

ஜூலையில் எங்கள் இயற்பியல் ஆசிரியர் ஓய்வு நேரத்தில் ஆய்வகத்துக்கு வந்தார். பீரோவில் இருந்த சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "மேடம், போர்ட் பழுதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அன்று கரும்பலகையில் ஒரு கட்டம் போட்டோம். கணினி, அதன் எந்தப் போர்ட், கேபிள், ஹப், செருகிய பொருள், விளைவு என்று ஆறு பத்திகள். சோதனையின் ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒன்றைத்தான் மாற்றலாம். ஹப்பை எடுத்துவிட்டு மவுஸை நேராகப் போர்ட்டில் செருகு. அதே மவுஸை அடுத்த போர்ட்டில் செருகு. அதே ஹப்பை, நன்றாக ஓடும் இன்னொரு கணினியில் செருகு. ஊசல் சோதனையில் நீளத்தை மாற்றும்போது குண்டை மாற்றக் கூடாது என்று ஒன்பதாம் வகுப்பில் சொல்கிறோமே, அதே ஒழுக்கம்தான். அரை மணி நேரத்தில் பதினான்கு வரிகள் நிரம்பின. எந்தக் கட்டளையும் தட்டாமலே முதல் உண்மை தெரிந்தது: மூன்று கணினிகளிலும் குறைந்தது ஒரு போர்ட்டிலாவது மவுஸ் ஓடியது.

இதற்குப் பிறகுதான் டெர்மினலைத் திறந்தோம். கட்டளைகளின் பெயரை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறேன். திரையில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். முதலாவது எல்எஸ்யுஎஸ்பி, இடைவெளி இல்லாமல் ஐந்தெழுத்து. கணினி அப்போது அறிந்திருக்கும் யுஎஸ்பி பொருள்கள் அனைத்தையும் வரிசையாகக் காட்டும். ஒன்றுமே செருகாதபோதும் சில வரிகள் வரும். 'லினக்ஸ் ஃபவுண்டேஷன் ரூட் ஹப்' என்று இருப்பவை கணினியின் உள்ளேயே உள்ளவை. மாணவர்கள் இதைப் பார்த்து, 'ஹப் தெரியுது மிஸ்' என்று கத்துவார்கள்; ஏமாறாதீர்கள். செருகுவதற்கு முன் ஒரு முறை, செருகிய பின் ஒரு முறை ஓடவிட்டு, இரண்டாம் பட்டியலில் கூடுதலாக என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். வெளி ஹப்புக்கென்று புதிய வரி வந்தால் நடுக் கம்பிகள் இரண்டும் உயிரோடு இருக்கின்றன.

அதே கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, டி என்று சேர்த்தால் பட்டியல் மரக்கிளை போல விரியும். எந்தப் பொருள் எந்த ஹப்பில் தொங்குகிறது, என்ன வேகத்தில் பேசுகிறது என்பதெல்லாம் தெரியும். மவுஸ் 1.5 என்று காட்டினால் கவலை வேண்டாம், அதன் இயல்பு அது. பென் டிரைவ் 480 அல்லது 5000 என்று காட்ட வேண்டும். அது 12 என்று காட்டினால் எங்கோ தொடர்பு சரியில்லை, பேச்சு தடுமாறிக் கீழ் வேகத்துக்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். 'காப்பி ஆக ரொம்ப நேரம் ஆகுது' என்ற புகாருக்கு நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

இரண்டாவது கட்டளைதான் உண்மையான மருத்துவர். டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்து. டிமெசேஜ் என்று சொல்கிறோம். இயக்க அமைப்பின் உட்கருவான கெர்னல், தன்னிடம் நடப்பதையெல்லாம் நாட்குறிப்பு போல எழுதிக்கொண்டே போகும். அதைத் திறந்து காட்டும் கட்டளை இது. பின்னால் சிறு கோடும் டபிள்யூவும் சேர்த்தால் புதிய வரிகள் வர வரக் காட்டிக்கொண்டே இருக்கும். புதிய பதிப்புகளில் முன்னால் சூடோ சேர்த்து, நிர்வாகி கடவுச்சொல் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கடவுச்சொல் ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். அந்தத் திரையைத் திறந்து வைத்துவிட்டு, பொருளைச் செருகிப் பிடுங்கிப் பாருங்கள். அது பேசுவதைக் கேட்ட பிறகு ஊகத்துக்கு வேலை குறைவு.

மூன்று கணினிகள், மூன்று கதைகள்

முதல் கணினியின் நாட்குறிப்பில் 'நியூ ஹை-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ்' என்று ஒரு வரி. உடனே 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் -71'. அதே மூன்று நான்கு முறை. கடைசியில் 'அனேபிள் டு எனுமரேட்'. பெயரைக் கேட்டேன், பதில் குழறலாக வந்தது, மீண்டும் கேட்டேன், மீண்டும் குழறல், விட்டுவிட்டேன் என்பதே இதன் சாரம். 71 என்பது பேச்சு முறை பிசகியது என்பதற்கான எண். 110 என்று வந்தால் பதிலே வராமல் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். எண்ணை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது, கேபிளோ ஹப்போ பொருளோ எதுவும் குற்றவாளியாக இருக்கலாம். ஆனால் எங்கள் கட்டத்தில் அதே ஹப்பும் அதே கேபிளும் வேறு கணினியில் 71 சொல்லவில்லை. மிச்சம் இருப்பது இந்தப் போர்ட்.

டார்ச் அடித்துப் பார்த்தோம், பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு. கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றினோம். ரிச்சித் தெருவில் வாங்கி வந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய தூரிகையை நனைத்து உள்ளே நான்கைந்து முறை இழுத்தோம். அரை மணி நேரம் காயவிட்டோம். செருகினோம். ஹப் வந்தது, மவுஸ் வந்தது, எல்லாம் வந்தது. ஓராண்டு பீரோவில் கிடந்த கணினிக்கு ஆன மருத்துவம் இவ்வளவே. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும், அதனால் இதை ஆசிரியரே செய்யுங்கள், சன்னல் திறந்திருக்கட்டும். ஊக்கு, குண்டூசி, நகப்பூச்சு நீக்கும் திரவம் எதுவும் வேண்டாம். வாயால் ஊதுவது எல்லாவற்றிலும் மோசம், ஏற்கெனவே உப்பு இருக்கும் இடத்துக்கு நாமே ஈரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

இயற்பியல் ஆசிரியர் இதை அங்கேயே ஒரு கணக்காக்கினார். பொருக்கு பிடித்த மின் தகட்டில் 1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். யுஎஸ்பி தரும் மின்னழுத்தம் 5 வோல்ட். ஹப் 0.5 ஆம்பியர் இழுத்தால், பொருக்கிலேயே 0.5 வோல்ட் விழுந்துவிடும். ஹப்புக்குப் போய்ச் சேருவது 4.5 வோல்ட். ஓம் விதியைப் பத்தாம் வகுப்பில் நடத்தும்போது, மின்தடைப் பெட்டிக்குப் பதில் இந்தத் துருப்பிடித்த போர்ட்டை எடுத்துக்காட்டாகச் சொல்லிப் பாருங்கள். 'தொடர்பு கெட்டால் அழுத்தம் குறையும்' என்பதை எங்கள் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது கணினியின் கதை வேறு. அதில் ஹப்பும் மவுஸும் நன்றாக வந்தன. கேமராவை இயக்கியதும் பென் டிரைவ் 'டிஸ்கனெக்ட்' ஆனது. சில நொடிகளில் மறுபடி வந்தது. கேமராவை நிறுத்தினால் எல்லாம் அமைதி. கணினியிலும் போர்ட்டிலும் குறையில்லை, மின்சாரம்தான் போதவில்லை.

எங்கள் தெருவில் லாரித் தண்ணீர் வரும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாயில் நான்கு ரப்பர் டியூப் மாட்டினால் தண்ணீர் நான்கு மடங்காகாது. ஹப்பும் அப்படித்தான். யுஎஸ்பி 2 போர்ட் தருவது அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர். யுஎஸ்பி 3 என்றால் 900. தனி அடாப்டர் இல்லாத யுஎஸ்பி 2 ஹப்பில், விதிப்படி ஹப் தனக்கு 100 வைத்துக்கொண்டு, நான்கு துளைக்கும் ஆளுக்கு 100 பிரித்துத் தர வேண்டும். மவுஸுக்கு அது தாராளம். வெப்கேமராக்கள் பலவும் 500 வேண்டும் என்று தம் குறிப்பிலேயே கேட்கின்றன. எல்எஸ்யுஎஸ்பி கட்டளையுடன் சிறு கோடும் வி எழுத்தும் சேர்த்து ஓடவிட்டால், நீண்ட பட்டியலில் 'மேக்ஸ்பவர்' என்ற வரியில் அந்த எண் இருக்கும். நேர்மையான ஹப்பாக இருந்தால் கெர்னல் கணக்குப் பார்த்து, 'இன்சஃபிஷியன்ட் அவைலபிள் பஸ் பவர்' என்று எழுதிவிட்டுக் கேமராவை அனுமதிக்காது. அப்போது காரணம் தெளிவாகத் தெரிந்துவிடும்.

எங்கள் ஹப் நேர்மையானது அல்ல. மலிவு ஹப்புகளில் சில, தமக்குத் தனி மின்சாரம் இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லும். கெர்னல் நம்பி அனுமதிக்கும். சுமை ஏறியதும் அழுத்தம் சரிந்து, பலவீனமானது முதலில் விழும். எங்களிடம் விழுந்தது பென் டிரைவ். அடாப்டர் வைத்த ஹப் ஒன்றை இரவல் வாங்கி மாட்டியதும் நான்கும் ஒன்றாக ஓடின. புதிதாக ஹப் வாங்கும் பள்ளிகளுக்கு நான் சொல்வது இதுதான்: துளை எத்தனை என்று பார்ப்பதற்கு முன் அடாப்டர் செருக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்க வழியில்லையென்றால், பசி அதிகமுள்ள பொருளை நேராகக் கணினியில் செருகி, மவுஸையும் கீபோர்டையும் மட்டும் ஹப்புக்கு அனுப்புங்கள்.

சில கணினிகளில் 'ஓவர்-கரன்ட்' என்று வரி வந்து போர்ட் தானாக மூடிக்கொள்ளும். உள்ளே ஈரமோ உலோகத் துணுக்கோ தொட்டிருக்கலாம். அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்து, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, போர்ட்டைச் சுத்தம் செய்த பிறகு மீண்டும் பாருங்கள். திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் போர்ட்டை விட்டுவிடுவதே நல்லது.

மூன்றாவது கணினியின் இடப்புறப் போர்ட்டில் எதைச் செருகினாலும் நாட்குறிப்பில் ஒரு வரிகூட வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. விளக்கு மட்டும் எரிந்தது. உள்ளே பார்த்தால் நாக்கு விரிசல் விட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஹப் மாட்டியபடியே யாரோ கணினியைத் தூக்கியிருக்க வேண்டும். இது மட்டும்தான் நிஜமான பழுது. அதிலும் வலப்புறம் இருந்த இரண்டு போர்ட்டுகள் நன்றாகவே இருந்தன.

பழுது போலத் தெரிபவை

அந்த மாணவிகளின் ஆர்டுயினோ, சுத்தம் செய்த முதல் கணினியில் பாஸில் ஒழுங்காகத் தெரிந்தது. ஆனால் நிரலை ஏற்றப்போனால் 'பெர்மிஷன் டினைடு'. இதற்கும் போர்ட்டுக்கும் சம்பந்தமில்லை. தொடர் முனையைத் தொட, பயனர் 'டயல்அவுட்' என்ற குழுவில் இருக்க வேண்டும் என்பது டெபியன் குடும்பத்தின் வழக்கம். சூடோ, ஆட்யூசர், பயனர் பெயர், டயல்அவுட் என்று இடைவெளி விட்டுத் தட்டி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் முடிந்தது. அந்தக் கடைசிப் படியை மறந்துவிட்டு நான் ஒரு பாடவேளையைத் தொலைத்தேன்.

உபுண்டு 22.04 நிறுவிய இன்னொரு கணினியில் விசித்திரம். பலகை வந்தது என்று நாட்குறிப்பில் ஒரு வரி, அடுத்த நொடியே போய்விட்டது என்று ஒரு வரி, நடுவில் 'பிஆர்எல்டிடிஒய்' என்று ஒரு பெயர். அது பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் காட்சிக் கருவிக்கான மென்பொருள். மலிவு ஆர்டுயினோ பலகைகளில் உள்ள சிப்பின் அடையாள எண்ணும் ஒரு பிரெய்ல் கருவியின் எண்ணும் ஒன்றாக இருப்பதால், அது நம் பலகையைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறது. அந்த மென்பொருளை நீக்கினால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள், சரியும் ஆகும். ஆனால் உங்கள் வகுப்பில் பிரெய்ல் கருவி பயன்படுத்தும் பிள்ளை இருந்தால் அந்தக் கணினியில் கை வைக்காதீர்கள், ஆர்டுயினோவை வேறு கணினிக்கு மாற்றுங்கள்.

மவுஸ் சில நொடி அசையாமல் இருந்துவிட்டு முதல் அசைவில் தயங்குவதும் பழுது அல்ல. மின்சாரம் மிச்சப்படுத்த லினக்ஸ் அதைத் தூங்க வைத்திருக்கும். முதல் சொடுக்கில் விழித்துக்கொள்வதால் நாங்கள் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

பென் டிரைவ் எல்எஸ்யுஎஸ்பி பட்டியலில் இருந்தும் கோப்பு மேலாளரில் திறக்கவில்லை என்றால் போர்ட்டை விட்டுவிடலாம். எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளை அதன் கொள்ளளவைக் காட்டினால் பொருள் வந்துவிட்டது, உள்ளே எழுதியிருக்கும் முறைதான் சிக்கல். பெரிய பென் டிரைவுகளில் இருக்கும் எக்ஸ்ஃபாட் வடிவம் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது 5.4 பதிப்பில்தான். பழைய பாஸில் அதற்குத் தனி மென்பொருள் நிறுவ வேண்டும். எளிய வழி, பள்ளிப் பயன்பாட்டுக்கு ஃபாட்32 வடிவில் வைத்துக்கொள்வது. இரட்டை இயக்க அமைப்பு உள்ள கணினியில் விண்டோஸை முழுதாக அணைக்காமல் பாதித் தூக்கத்தில் விட்டால், பாஸில் இருந்து அந்தப் பகுதிக்குள் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது. இதையும் பிள்ளைகள் போர்ட்டின் தலையில்தான் போடுவார்கள்.

ஓர் இழப்பையும் சொல்லிவிடுகிறேன். அலையாத்தி மரங்களின் வேரில் படிந்த எண்ணெயைப் படமெடுத்து வந்திருந்தாள் அந்த மாணவிகளில் ஒருத்தி. காப்பி ஆகும் பட்டை நூறு விழுக்காடு காட்டியதும் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டாள். கேமராவின் அட்டையையும் அழித்துவிட்டாள். லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பென் டிரைவில் எழுதும். பட்டை நிறைந்தாலும் எழுத்து முடிந்திருக்காது. பாதிப் படங்கள் திறக்கவில்லை. 'எஜெக்ட்' கொடுத்துக் காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன், ஏன் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது சொல்கிறேன். டெர்மினலில் 'சிங்க்' என்று நான்கெழுத்து தட்டச் சொல்லி, குறி மீண்டும் வரும்வரை எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணச் சொல்கிறேன். பெரிய கோப்பு என்றால் இருபது, முப்பது என்று எண்ணிக்கொண்டே போவார்கள். அதற்குப் பிறகு யாரும் அவசரமாகப் பிடுங்குவதில்லை.

அந்த மாணவி அடுத்த ஞாயிறு அப்பாவின் படகில் மறுபடி போய்ப் படம் எடுத்துவந்தாள். தண்ணீர் அப்போது சற்றுத் தெளிந்திருந்தது. முதல் நாளின் கறுப்பு அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

கரும்பலகைக் கட்டம் இப்போது ஆய்வகத்தில் ஒரு நோட்டாக இருக்கிறது. ஆறு பத்திகள் அப்படியே. கூடவே ஏழாவதாக, 'டிமெசேஜ் என்ன சொன்னது' என்று ஒரு பத்தி. பன்னிரண்டாம் வகுப்பில் இருவர் மாறி மாறி அதை எழுதுகிறார்கள். கடற்பக்கத்துச் சன்னல்களைப் பிற்பகல் காற்று தொடங்கியதும் சாத்துவதும், பயன்படுத்தாத போர்ட்டுகளில் ரப்பர் மூடி போடுவதும், பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் மாற்றுவதும் அவர்கள் பொறுப்பு. 'போர்ட் பழுது' என்று எழுதும் முன் குறைந்தது மூன்று வரியாவது அந்த நோட்டில் இருக்க வேண்டும் என்பது அவர்களே எனக்குப் போட்ட விதி.

பீரோவின் கீழ்த்தட்டில் இப்போது சுண்ணக்கட்டிப் பெட்டி இருக்கிறது. மூன்றாவது கணினியின் மூடியில், பழைய சீட்டைக் கிழித்துவிட்டு ஒரு மாணவன் புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறான்: 'இடது வேண்டாம். வலது ரெண்டும் ஓகே. ஹப் போட்டா கேமராவை மட்டும் தனியா குத்து.'